குணமாகாது என்ற பிறகு

நமக்கு இரண்டு வகை நோய்தான் புரியும். ஒன்று, ஐந்து நாள் மாத்திரையில் போய்விடுவது. மற்றது, ஆளையே கொண்டுபோய்விடுவது. இரண்டுக்கும் நடுவே, போகவும் போகாமல் கொல்லவும் கொல்லாமல் வருஷக்கணக்கில் வீட்டோடு தங்கிவிடும் நோய்க்கு நம்மிடம் பொறுமையும் இல்லை, பழக்கமும் இல்லை. எழுபது வயதுக்கு மேல் எனக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது ஒரு பூனை.

பெயர் சாம்பி. சாம்பல் நிறம் என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு காரணம் கிடையாது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தெருப்பூனை ஒன்று போட்டுவிட்டுப்போன குட்டி. நான் கருவூல அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த நேரம். காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லாதவனுக்கு, காலையிலேயே எழுப்பிவிட ஒரு ஜீவன் வந்து சேர்ந்தது. பதினான்கு வயது வரை அதற்கு மருந்து என்று ஒன்று கொடுத்த நினைவில்லை, தடுப்பூசியும் பூச்சி மருந்தும் தவிர.

பிறகு ஒரு கோடையில், "ஏங்க, இப்போல்லாம் சாம்பி நல்லா தண்ணி குடிக்கு" என்று என் மனைவி சந்தோஷமாகச் சொன்னாள். பாளையங்கோட்டை வெயிலில் யார்தான் தண்ணீர் குடிக்கமாட்டார்கள்? ஆனால் மணல் தொட்டியை அள்ளிக்கொட்டுவது நான். ஈரக்கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்தேன். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. வாயில் ஒரு நாற்றம். ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிட்டு, நாள்பட்ட சிறுநீரக நோய் என்றார்கள்.

பூனையின் மூதாதை பாலைவனத்தை ஒட்டி வாழ்ந்த காட்டுப்பூனை. இரையின் உடம்பில் உள்ள ஈரத்தையே பெருமளவு நம்பி வாழும் பிராணி அது. கிடைக்கும் தண்ணீரைச் சிந்தாமல், சிறுநீரை நன்றாக இறுக்கி வெளியேற்றும். வீட்டுப்பூனைக்கும் அந்தத் திறமை வந்திருக்கிறது. சிறுநீரகம் பழுதாகும்போது முதலில் போவதும் அதுதான். சிறுநீர் நீர்த்துப்போகும், போன தண்ணீரை ஈடுகட்டப் பூனை குடித்துக்கொண்டே இருக்கும். நாம் அதை ஆரோக்கியம் என்று நினைத்துக்கொள்வோம்.

பூனையின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 2 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. மனிதனுக்கு ஏறத்தாழ 10 லட்சம். இவை ஒவ்வொன்றாகச் சாவது வெளியே தெரியாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு காலத்தில் இதே கதை நடந்தது. பத்துப் பேர் வேலை பார்த்த பிரிவில் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள், இடம் நிரப்பவில்லை. மிஞ்சியவர்கள் கூடுதலாக உட்கார்ந்து பில்லை முடித்து அனுப்பினார்கள். வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மூன்று பேர் ஆனபோதுதான் கவுண்டரில் சத்தம் கிளம்பியது. சிறுநீரகமும் அப்படித்தான். முக்கால் பங்கு வேலைத்திறன் போன பிறகே ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும். செத்த வடிகட்டிகள் திரும்ப முளைக்காது. ஆகவேதான் மருத்துவர், என் மகன் வயதுகூட இருக்காது, தயங்கித் தயங்கி, "இது குணமாகாது சார். ஆனா பாத்துக்கிட்டா நல்லா இருக்கும்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியங்களில் முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம் என்று அவரே பிறகு சொன்னார்.

கணக்கு பார்த்தே காலம் தள்ளியவனுக்கு எண்கள்மேல் ஒரு மயக்கம் உண்டு. ஐரிஸ் என்ற சர்வதேச அமைப்பு இந்த நோயை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. கிரியேட்டினின் 1.6-க்குக் கீழே இருந்தால் முதல் நிலை, 2.8 வரை இரண்டாவது, 5 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. சாம்பிக்கு 3.4. மூன்றாம் நிலை. ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தேன். அடுத்த பரிசோதனையில் 2.9 வந்தது. எனக்குக் கொண்டாட்டம். மருத்துவர் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. "எடை எவ்வளவு சார்?" என்றார். எடை குறைந்திருந்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசை கரைந்தால் அதுவும் குறையும். பூனை மெலிய மெலிய அறிக்கை அழகாகிக்கொண்டே போகும். சிறுநீரகம் தேறிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. தணிக்கையில் இந்த மாதிரித் தாளில் மட்டும் சரியாக இருக்கும் கணக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே ஒன்று வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எடைதான் முதல் பத்தி. சமையலறைத் தராசின்மேல் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் சாம்பி. மூன்றரைக் கிலோ பூனைக்கு நூறு கிராம் குறைந்தால், எழுபது கிலோ ஆளுக்கு இரண்டு கிலோ குறைந்த மாதிரி. இரண்டாவது பத்தி, குடித்த தண்ணீர். அவுன்ஸ் கிளாஸால் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து கழிப்பேன். வெயிலில் ஆவியாகிப்போவது எவ்வளவு என்று தெரிய, பூனைக்கு எட்டாத பரணில் இன்னொரு கிண்ணம் வைத்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தாள். மூன்றாவது, சாப்பிட்டது. நான்காவது, வாந்தி. கடைசிப் பத்தியில் ஒரே ஒரு சொல்: அன்றைய நாள் எப்படி. ‘ஜன்னல்’ என்று எழுதியிருந்தால் ஜன்னல் திட்டில் ஏறி அணிலைத் திட்டியது என்று பொருள். ‘கட்டிலடி’ என்றால் ஒளிந்துகொண்டது. அந்த நோட்டில் எனக்கு அதிகம் பயன்பட்டது இந்தக் கடைசிப் பத்திதான்.

பூனை தன் வலியை வெளியே காட்டாது. இரைதேடும் பிராணியாக இருந்தாலும், தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்குத் தானே இரை. சோர்வைக் காட்டினால் உயிர் போகும் என்று உடம்பு படித்து வைத்திருக்கிறது. குறுகுறுவென்று ஓசை எழுப்பினால் சந்தோஷமாக இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். நோயிலும் வலியிலும்கூடப் பூனை அப்படி ஓசை எழுப்பும். அது சொல்லாததைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது நம் வேலை.

இனி டிரிப்ஸ். உடம்பில் நீர் வற்றாமல் இருக்க, தோலுக்கு அடியில் ரிங்கர் லாக்டேட் ஏற்றவேண்டும். எங்கள் மருத்துவர் சொன்ன அளவு நூறு மில்லி. ஒவ்வொரு பூனைக்கும் அது மாறும். இதயக் கோளாறு உள்ள பூனைக்கு நீர் கூடினால் மூச்சு முட்டிவிடும், ஆகவே மருத்துவர் சொல்லாமல் ஒரு சொட்டும் ஏற்றக்கூடாது. பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பியில் மாட்டுவேன். மனைவி சாம்பியை மடியில் துண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, அடிவாரத்தில் ஊசி. ஒவ்வொரு தடவையும் புது ஊசி, மழுங்கியது வலிக்கும். தோலுக்கடியில் ஒரு புடைப்பு எழும்பி, மெதுவாக ஒரு பக்கத் தோளுக்குச் சரிந்து, சில மணி நேரத்தில் உடம்போடு கலந்துவிடும். அதுவரை சாம்பி ஒரு தோளில் மட்டும் பயில்வானாக நடமாடும்.

தெருவில் செய்தி பரவாமல் இருக்குமா? "என்ன அண்ணாச்சி, பூனைக்கு டிரிப்ஸ் ஏத்துதியளாம்லா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். "ஆமா தம்பி, ஏத்துதோம்" என்றேன். அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். கேட்டார். "மனுசனுக்கே ஏத்த ஆளில்லாத காலத்துல..."

அந்த வாக்கியத்தை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது. மனிதனுக்கு ஆளில்லைதான். ஆனால் ஏன் ஆளில்லை என்பதில்தான் அவரும் நானும் வேறுபடுகிறோம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களில் கண்டிருக்கிறேன். பெரியவருக்கு இருபது வருஷம் சர்க்கரை. கால் விரலிடுக்கைத் தினமும் ஒருதரம் பார்க்க ஒருத்தரும் இல்லை. மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆனது யாருக்கும் தெரியாது. புண் முழங்கால் வரை ஏறிய பிறகு ஊரே கூடும். வெளிநாட்டிலிருந்து மகன் பறந்து வருவான், தோட்டத்தை விற்பார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பத்துப் பேர் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பாசம் இல்லாதவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? கடைசி வாரத்துக்குக் கொட்டிக்கொடுக்கத் தெரிந்த நமக்கு, நடுவிலிருந்த இருபது வருஷத்துக்குத் தினம் ஐந்து நிமிஷம் கொடுக்கத் தெரியவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் தியாகத்தின் பளபளப்பு எதுவும் கிடையாது. யாரும் பார்த்துப் பாராட்டமாட்டார்கள். பூனைக்குச் செலவழிப்பதால் மனிதனுக்குக் குறைந்துபோவதாக நான் நினைக்கவில்லை. பூனையிடம் இந்த ஐந்து நிமிஷத்தைப் பழகியவன் மனிதனிடம் இன்னும் நன்றாகச் செய்வான். சாம்பிக்கு நோய் வந்த பிறகுதான் என் மனைவியின் கண் சொட்டு மருந்து ஒருநாளும் தவறாமல் போகிறது.

சாப்பாடுதான் பெரிய போர். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு பாஸ்பரஸ் குறைவாக, புரதம் அளவாக இருக்கவேண்டும். அதற்கென்றே தனித் தீவனம் விற்கிறார்கள், விலை கண்ணைக் கட்டும். சாம்பி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, மண்ணை மூடுவதுபோல் தரையைச் சுரண்டிவிட்டுப் போய்விட்டது. மத்தி மீனின் மண்டையும் நடுமுள்ளும் தின்று வளர்ந்த நாக்கு அது. ஆனால் எலும்பில் பாஸ்பரஸ் அதிகம், கருவாடு என்றால் அதன் உப்பும் இந்த நோய்க்கு ஆகாது. பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். நாய்க்கு வேண்டுமானால் அது சரியாக இருக்கலாம். பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகும். பழைய சாப்பாட்டில் புதியதை ஒரு சிட்டிகை, பிறகு இரண்டு சிட்டிகை என்று வாரக்கணக்கில் கலந்தோம். லேசாகச் சூடாக்கினால் வாசனை எழும்பும், சாப்பிடும். அப்படியும் சில நாள் மறுக்கும். அந்த நாட்களில் வேகவைத்த கோழிக்கறிதான். சாப்பிடாத சரியான உணவைவிடச் சாப்பிடுகிற சுமாரான உணவு மேல் என்று மருத்துவரே அனுமதி கொடுத்திருக்கிறார். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றைக் கெடுக்கும்.

இந்த நோயோடு ரத்த அழுத்தமும் சேர்ந்து வருவதுண்டு. கவனிக்காமல் விட்டால் கண்ணின் விழித்திரை பிரிந்து, பூனை ஒரே இரவில் குருடாகிவிடும். சாம்பிக்கு அழுத்தம் கூடுதல் என்று தெரிந்ததும் மருத்துவர் ஆம்லோடிபின் எழுதினார். எனக்கும் அதே ஆம்லோடிபின்தான்! எனக்கு 5 மில்லிகிராம், அதற்கு 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் துண்டு. மருந்துக் கடைப் பையன் பில்லுக்காகக் கேட்டான், "பேஷண்ட் பேரு சார்?" "சாம்பி." "வயசு?" "பதினாலு." "பதினாலு வயசுலயே பி.பி.யா சார்?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டான். எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை என்று நினைத்துவிட்டான் பாவம். நான் திருத்தவில்லை. மாத்திரையைக் காலாக வெட்டப் பாக்குவெட்டி சரிப்படவில்லை, தூளாகிவிடுகிறது. மாத்திரை வெட்டும் டப்பா ஒன்று அதே கடையில் கிடைத்தது. வாயில் போட்டதும் சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீர் விடவேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

மனித மருந்து ஒன்று பொருந்துகிறது என்பதற்காக வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அதைச் சிதைத்து வெளியேற்றும் வழி அதன் கல்லீரலில் மிகக் குறைவு. மூட்டுவலிக்கு நாம் விழுங்கும் மாத்திரைகள் சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும். பூங்கொத்தில் வரும் லில்லியின் மகரந்தத்தை நக்கினால்கூடப் போதும், சிறுநீரகம் சில நாளில் செயலிழக்கும்.

"நாம என்ன தப்பா கொடுத்தோம்?" என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரும்பாலான வயதான பூனைகளில் காரணம் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. பாரசீகம் போன்ற சில இனப் பூனைகளில் மட்டும், சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வரும் ஒரு பரம்பரை நோய் உண்டு; தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வர வாய்ப்பு. விலை கொடுத்து அந்தக் குட்டிகளை வாங்குகிறவர்கள் தாய் தகப்பனுக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கலாம். தண்ணீர்த் தொட்டிக்கடியில் பிறந்த சாம்பிக்கு அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தோரு மியாசாகி என்ற ஆய்வாளர், சிறுநீரகத்தைச் சுத்தப்படுத்த உதவும் ஒரு புரதம் பூனைகளின் உடம்பில் இருந்தும் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-ல் வெளியிட்டார். பணம் இல்லாமல் ஆய்வு தடைபட்டிருக்கிறது என்ற செய்தி 2021-ல் வந்ததும், ஜப்பானில் பூனை வளர்ப்பவர்கள் கோடிக்கணக்கான யென் நன்கொடையாகக் கொட்டினார்கள். பேத்தி இதைப் படித்துவிட்டு, "தாத்தா, சாம்பிக்கு மருந்து வரப்போகுது" என்று பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். வரட்டும், நல்லதுதான். அது வரும்வரை இன்றைய நூறு மில்லி இன்றைக்கே ஏறியாக வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

இதில் களைப்பும் உண்டு. அதை மறைப்பவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. மகன் வீட்டுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போய் நெடுநாளாகிறது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரும்போதே மனைவி கடிகாரத்தைப் பார்ப்பாள். சில இரவுகளில் வாந்தியைத் துடைத்துக்கொண்டே எரிச்சல்பட்டிருக்கிறேன். எதிர்வீட்டுக் கல்லூரிப் பையனுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. நீண்டகால நோயைத் தனியாளாகச் சுமக்கக்கூடாது. இரண்டாவது கை ஒன்றை ஆரம்பத்திலேயே பழக்கிவிட வேண்டும். பணமும் அப்படியே. என் ஓய்வூதியம் இதைத் தாங்கியது. தாங்காத வீடுகள் இருக்கின்றன. பல இடங்களில் தண்ணீர்க் கிண்ணம், ஈரமான உணவு, உப்பில்லாத சாப்பாடு என்று முடிந்ததை மட்டும் செய்கிறவர்களை, பூனைமேல் அன்பில்லாதவர்கள் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

எப்போது நிறுத்துவது என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. தானாகப் போகும் உயிரை நாமாக அனுப்பக்கூடாது என்பது அவள் கட்சி. முற்றிய சிறுநீரக நோயில் வரும் சாவு அப்படியொன்றும் அமைதியானதல்ல. ரத்தத்தில் கழிவு ஏறி, ஓயாத குமட்டலும் வாய்ப்புண்ணும் வலிப்பும்கூட வரலாம் என்பதால், அந்தக் கட்டத்தில் மருத்துவரின் ஊசியைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஏழு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். வலி, பசி, உடம்பில் நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டினால் தொடர்ந்து பராமரிக்கலாம். சாம்பி நன்றாக இருந்த ஒரு நாளில் இருவரும் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் எல்லைகளை எழுதிவைத்தோம்: மணல் தொட்டிவரை நடக்க முடியாமல் போனால், கோழிக்கறியையும் தொடாமல் இருந்தால், ‘கட்டிலடி’ என்ற சொல்லே தொடர்ந்து வந்தால், மருத்துவரிடம் பேசுவது. எதைப் பேசுவது என்பதை மனைவி எழுதவிடவில்லை. இதையெல்லாம் நல்ல நாளில்தான் எழுதவேண்டும். கெட்ட நாளில் எடுக்கும் முடிவு பூனைக்காக எடுத்ததா, நம் களைப்புக்காக எடுத்ததா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

உங்கள் வீட்டுப் பூனைக்கு ஏழு வயது தாண்டியிருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் நல்ல மருத்துவர் இல்லையென்றால், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, நெல்லை ராமையன்பட்டி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும்போது, பூனை குடிக்கும் தண்ணீரை ஒரு வாரம் அளந்து ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.